சீட்டித் துணியும் அவசரமில்லாத கத்தரியும்

பிள்ளைகளின் பள்ளிச் சீருடையை மடித்துத் தைத்ததோடு மூடிவைத்த தையல் மிஷின் இன்னும் பல வீடுகளில் ஒரு மூலையில் நிற்கிறது. பணி ஓய்வு பெற்று, காலை எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டாம் என்றான பிறகு, அதற்கு எண்ணெய் விட்டு மறுபடி உட்காருகிறவர்கள் உண்டு. அவர்கள் கைக்கு ஏற்றது மர அச்சில் கையால் அச்சிட்ட பருத்தித் துணி. அவசரப்பட்டு வெட்டினால் அது வீணாகிவிடும். நிதானமாக வெட்டினால் ஆலைத் துணியில் கிடைக்காத அழகு கிடைக்கும்.

சீட்டிப் பாவாடை என்று பாட்டிமார் சொல்வார்களே, அந்தச் சீட்டிக்கும் ஆங்கிலேயர் ‘சின்ட்ஸ்’ என்றதற்கும் வேர்ச்சொல் ஒன்றுதான். 17ஆம் நூற்றாண்டில் மசூலிப்பட்டினம், பழவேற்காடு போன்ற சோழமண்டலக் கரைத் துறைமுகங்களிலிருந்து பூப்போட்ட பருத்தித் துணிகள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. துவைத்தாலும் நிறம் மங்காத பருத்தியை அங்கே அதுவரை அதிகம் பேர் கண்டதில்லை. உள்ளூர் கம்பளி, பட்டு நெசவாளர்களின் பிழைப்பு ஆட்டம் காணவே, பிரான்ஸ் 1686இல் தடை விதித்தது. 1759 வரை அது நீடித்தது. இங்கிலாந்தும் 1721இல் தடைச் சட்டம் கொண்டுவந்தது.

நிறம் அப்படி நிலைத்து நிற்பது எப்படி? மசூலிப்பட்டினத்தை அடுத்த பெடனாவில் அந்த வேலையை இன்றும் பார்க்கலாம். அதற்குக் கலம்காரி என்று பெயர்; எழுதுகோல் வேலை என்று பொருள். ஆனால் ஸ்ரீகாளஹஸ்தியில் கோல் கொண்டு வரைகிறார்கள்; பெடனாவில் மரக்கட்டையில் செதுக்கிய அச்சால் பதிக்கிறார்கள். முதலில் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் முக்கி வெயிலில் உலர்த்துவார்கள். பாலின் கொழுப்பு சாயத்தைப் பரவவிடாமல் பிடிக்கும். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நீரில் பல நாள் ஊறவைத்து எடுக்கிற கரைசல், கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கறுப்பாகிறது. சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகாரத்தைப் பதிப்பார்கள். அப்போது அங்கே சிவப்பு தெரியாது. ஓடும் நீரில் அலசி, செப்புக் கொப்பரையில் வேர்ச்சாயத்தோடு கொதிக்கவிட்ட பிறகுதான், படிகாரம் பட்ட இடமெல்லாம் பூ சிவந்து எழும்.

இத்தனை கை மாறி வரும் துணியைத் தைக்க உட்காரும்போது முதல் வேலை, அதைத் துவைத்து நிழலில் உலர்த்துவது. பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் அளவு போய்விடும். வேர்ச்சாயத் துணிக்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீர் போதும். எலுமிச்சைச் சாறு பட்டால் இரும்புக் கறுப்பு வெளுத்துவிடும். கடைகளில் கிடைக்கும் அச்சுத் துணி எல்லாமே இயற்கைச் சாயம் அல்ல என்பதால், வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்து, துணியை மேசையில் விரித்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு பதிவு முடிந்து அடுத்த பதிவு தொடங்கும் இடத்தில் மயிரிழை இடைவெளியோ, கொஞ்சம் மேலேறிய கோடோ தெரியும். கட்டையை எங்கே வைப்பது என்று அச்சிடுபவர் பார்த்துக்கொள்ளும் சிறு புள்ளிகள் ஓரத்தில் இருக்கும். கையச்சு என்பதற்கு அவையே அடையாளம். சில துணிகளில் பூ வரிசை நூலோட்டத்திலிருந்து லேசாகச் சாய்ந்திருக்கும். அப்போது நூலோட்டத்தைப் பார்த்து வெட்டினால்தான் உடை முறுக்கிக்கொள்ளாமல் தொங்கும். சாய்வு அதிகமான பகுதியைக் கைக்கோ, முதுகின் கீழ்ப்பகுதிக்கோ ஒதுக்கிவிடலாம்.

இரண்டாக மடித்து ஒரே வெட்டில் முடிக்கிற பழக்கம் இங்கே உதவாது. மேல் மடிப்பின் பூவும் கீழ் மடிப்பின் பூவும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராது. முன்பக்கத்தைத் தனியாக வெட்டி, அதையே துணியின் மேல் பூவுக்குப் பூ பொருத்திவைத்துப் பின்பக்கத்தை வெட்ட வேண்டும். ஒரே பூ 6 அங்குலத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறதென்றால், ஒவ்வொரு பாகத்துக்கும் 6 அங்குலம் கூடுதலாகக் கணக்கிட்டு வாங்குவது பாதுகாப்பு. செடியோ மயிலோ மேல்நோக்கி நிற்கிற அச்சானால், தலைகீழாக வெட்டிவிடாமல் ஒவ்வொரு துண்டிலும் சாக்கால் ஓர் அம்புக்குறி போட்டுக்கொள்ளலாம்.

தையல் குறைவாக உள்ள வெட்டுகளே இந்தத் துணிக்குப் பொருந்தும். நேர்வெட்டுக் குர்த்தி, சுருக்கு வைத்த பாவாடை, பேத்திக்கு ஒரு கவுன். மிஷினில் மெல்லிய ஊசி போட்டு, பக்கத் தையலை முதலில் வெளிப்பக்கம் ஒருமுறை, திருப்பி உள்பக்கம் ஒருமுறை என இரட்டிப்பாகப் போட்டால், ஓவர்லாக் இல்லாமலே பிசிறு உள்ளே அடங்கிவிடும்.

ஒரு குர்த்திக்கு இப்படி ஒரு வாரம்கூட ஆகலாம். மிஞ்சிய துண்டுகளை மூலைவாட்டில் வெட்டினால் கழுத்துக்குப் பைப்பிங் ஆகும். அதிலும் மிஞ்சியது பொத்தானுக்கு உறையாகும். மழைக்காலத்தில் உலர்த்த வெயில் இல்லாமல் அச்சு வேலை தடைபடும் என்பதால், பிடித்த அச்சில் இன்னும் இரண்டு மீட்டர் வேண்டுமென்றால் வெயில் திரும்பும்வரை காத்திருக்க நேரும். அதற்குள் கொக்கி கட்டவும், விளிம்பைக் கையால் ஹெம்மிங் செய்யவும் வேலை இருக்கிறது.