நவூரு: மண்ணை விற்ற தீவு

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் பல பத்தாண்டுகள் செழித்ததில் ஒரு சின்னஞ்சிறு தீவின் மண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு. நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே, பசிபிக் பெருங்கடலில் தனித்துக் கிடக்கும் நவூருதான் அது. பரப்பு 21 சதுர கிலோமீட்டர். மக்கள் சுமார் 12,000 பேர். காரில் கிளம்பினால் அரை மணி நேரத்தில் நாட்டையே சுற்றிவிடலாம். ஆறு கிடையாது. அதிகாரபூர்வத் தலைநகரும் கிடையாது. யாரென் மாவட்டத்தில் நாடாளுமன்றம் இருக்கிறது. வீடுகளெல்லாம் கரையோரக் குறுகிய பட்டையில். நடுவில் இருக்கும் மேட்டு நிலத்தை 'டாப்சைடு' என்கிறார்கள்.

அந்த மேட்டில்தான் உரத்துக்குப் பயன்படும் பாஸ்பேட் இருந்தது. 1888-இல் தீவை ஜெர்மனி தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1907-இல் பாஸ்பேட் கப்பலேறத் தொடங்கியது. முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் கூட்டாகத் தோண்டின. மண்ணுக்குச் சொந்தக்காரர்களுக்குக் கிடைத்ததோ சொற்பத் தொகை.

இரண்டாம் உலகப் போர் இன்னும் கொடியது. தீவைப் பிடித்த ஜப்பான், சுமார் 1,200 பேரைப் பசிபிக்கின் ட்ரக் தீவுகளுக்குக் கூலி வேலைக்குக் கொண்டுபோனது. 1946 ஜனவரி 31 அன்று திரும்பி வந்தவர்கள் 737 பேர். அதே நாளைத்தான் 1968-இல் விடுதலை நாளாக நவூரு தேர்ந்தெடுத்தது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, மண் வீணாகிவிட்டதால் மக்களைத் தன் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் கர்டிஸ் தீவில் குடியேற்றும் யோசனையை ஆஸ்திரேலியா முன்வைத்தது. தனி இனமாக, தனி நாடாக வாழ வழியில்லாத அந்த ஏற்பாட்டை நவூரு மக்கள் மறுத்தார்கள். எனக்கு இந்த நாட்டின் மீது மரியாதை வருவது இந்த இடத்தில்தான்.

விடுதலைக்குப் பிறகு பாஸ்பேட் பணம் கொட்டியது. தனிநபர் வருமானத்தில் உலகின் முன்வரிசை. மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம், சொந்த விமானங்கள், லண்டனில் படுதோல்வி கண்ட ஓர் இசை நாடகத்துக்கு முதலீடு! இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பது உலகப் பத்திரிகைகளுக்கு வழக்கமாகிவிட்டது. ஊதாரித்தனம் உண்மைதான். ஆனால் அதற்கு முன் 60 ஆண்டுகள் அள்ளிப்போனவர்கள் யார்? பாழான நிலத்துக்கு இழப்பீடு கேட்டு நவூரு 1989-இல் ஆஸ்திரேலியா மீது சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 1993-இல் ஆஸ்திரேலியா 107 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசமானது.

பாஸ்பேட் வற்றியதும் கடன் கழுத்தை நெரித்தது. மெல்போர்ன் கட்டடம் 2004-இல் கைமாறியது. இன்று வருமானம் சூரை மீன் பிடிக்க வெளிநாட்டுக் கப்பல்கள் செலுத்தும் உரிமக் கட்டணத்திலிருந்தும், தன்னிடம் தஞ்சம் கேட்பவர்களை இங்கே தடுத்துவைக்க ஆஸ்திரேலியா தரும் பணத்திலிருந்தும் வருகிறது.

இப்போது கடல்மட்டம் ஏறுகிறது. தோண்டிப்போட்ட அதே டாப்சைடு மேட்டுக்குக் கரையோர மக்களைக் குடியேற்றத் திட்டம் போட்டிருக்கிறார்கள். சுண்ணாம்புப் பாறை முட்கள் துருத்தி நிற்கும் அந்த நிலத்தைச் சமப்படுத்தப் பணம் வேண்டும். அதற்காக 2025 முதல் நவூரு தன் குடியுரிமையை வெளிநாட்டவருக்கு விற்கிறது.