பூங்காவுக்கு எந்தக் குப்பைத்தொட்டி?

திடக்கழிவு மேலாண்மை விதிகள், 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கானவை. ஈரக் குப்பை, உலர் குப்பை, சானிட்டரி கழிவு, தனிக்கவனக் கழிவு என நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. வாசகர் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: எங்கள் பூங்காவிலும் நான்கு தொட்டிகளா?

சானிட்டரி தொட்டியின் இடம் கழிப்பறை. தனிக்கவனக் கழிவான பழைய பேட்டரியையும் காலாவதி மாத்திரையையும் யாரும் நடைப்பயிற்சிக்கு எடுத்து வருவதில்லை. பூங்காவின் பாடு ஈரமும் உலரும்தான்.

‘ஸ்மார்ட் தொட்டி’ என்கிறார்களே, அது என்ன?

நிரம்பிவிட்டதைத் தானே சொல்லும் தொட்டி. சொன்னதும் வந்து அள்ள ஆள் இருக்கிறாரா என்பது டெண்டரில் வராது. இதில் சூரிய மின்சாரத்தில் குப்பையை அமுக்கும் ரகம் கெட்டிக்காரத்தனமானது. மேலே சோலார் பேனல், உள்ளே பேட்டரி. குப்பை ஒரு மட்டத்தைத் தொட்டதும் சென்சார் காட்டிக்கொடுக்கும். மோட்டார் ஓர் இரும்புத் தகட்டை இறக்கி நசுக்கும். ஐந்து மடங்கு குப்பை கொள்ளும் என்கிறார்கள் விற்பவர்கள்.

சிக்கலும் அந்தத் தகட்டில்தான். கை நசுங்கக் கூடாதென்று வாயை மூடி, அமெரிக்கத் தபால்பெட்டி போலக் கைப்பிடி வைக்கிறார்கள். பிசுபிசுத்த கைப்பிடியைத் தொடக் கூசுகிறவர் பொட்டலத்தைத் தொட்டியின் தலையில் வைத்துவிட்டுப் போகிறார். உள்ளே சுண்டல் மிச்சமும் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்து நசுங்கினால், பிறகு பிரிக்க முடியாது. இளநீர் மட்டையோ லேசில் நசுங்காது. நசுக்குவதால் இடம்தான் மிஞ்சும், எடை குறையாது. அந்தப் பையைத் தூக்குவது தூய்மைப் பணியாளரின் முதுகு.

அடிக்கடி அள்ள வேண்டாம் என்பதுதான் இதில் சொல்லப்படும் சேமிப்பு. அமெரிக்காவின் பிலடெல்பியா 2009-ல் சுமார் 700 கம்பிக்கூடைகளை எடுத்துவிட்டு 500 அமுக்குத் தொட்டிகளை வைத்தது. வாரத்துக்கு 17 முறை அள்ளியது 5 முறையாகும் என்றார்கள். மறு ஆண்டே நகரத்தின் தணிக்கை அதிகாரி அந்தக் கணக்கைக் கேள்வி கேட்டார். நம் ஊர் வெயிலில் ஈரக் குப்பை இரண்டாம் நாளே நாறும். அமுக்குத் தொட்டி வாங்கியே ஆக வேண்டுமென்றால், உலர் குப்பைக்கு மட்டும் வாங்கலாம். ஈரத்துக்குச் சின்னத் தொட்டியும் தினமும் அள்ளுகிற ஆளும் போதும்.

என்ன நிறம்? ஈரத்துக்குப் பச்சை, உலருக்கு நீலம். முந்தைய 2016 விதிகள் உலருக்கு வெள்ளை என்றன, வழக்கத்தில் நிலைத்தது நீலம்.

மூடி வேண்டுமா? வேண்டும், காகமும் நாயும் மழையும் இருக்கின்றனவே.

எங்கே வைப்பது? வாசலிலும் தின்பண்ட வண்டிகள் நிற்கும் இடத்திலும், இரண்டு நிறமும் ஜோடியாக.

இரும்பா, பிளாஸ்டிக்கா? கடற்கரையோரம் இரும்பு துருப்பிடிக்கும்.

பிரித்துப் போட்டதை ஒரே லாரியில் கொட்டினால்? எத்தனை நிறத்தில் தொட்டி வைத்தும் பயனில்லை.

உங்கள் வார்டில் புதுத் தொட்டிக்கு நாடா வெட்டும் நாளில் கவுன்சிலரிடம் விலையோடு இதையும் கேளுங்கள்: நிரம்பிய பை எத்தனை கிலோ, அதைத் தூக்க எத்தனை பேர்?