எந்தக் கதவைத் தட்டுவது?

சிங்கப்பூரின் மார்சிலிங் பெருவிரைவு ரயில் நிலையம் 1996 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. தண்டவாளம் உயரத்தில் ஓடுவதால், சக்கர நாற்காலியில் வருபவருக்கு மேடையேற மின்தூக்கியை விட்டால் கதியில்லை. அது நின்றுபோனால் மற்றவர்கள் படியேறிப் போய்விடுவார்கள். அவருடைய பயணம் அங்கேயே முடிந்துவிடும்.

1987ல் பெருவிரைவு ரயில் ஓடத் தொடங்கியபோது சக்கர நாற்காலியில் வருபவர்களை யாரும் கணக்கில் வைக்கவில்லை. 2006வாக்கில்தான் நிலையம்தோறும் ஒரு தடையற்ற வழியாவது வந்தது. பேருந்துகள் அனைத்தும் சக்கர நாற்காலி ஏறக்கூடியவையாக மாற 2020 ஆனது. கட்டடங்களில் தடையற்ற வழிக்கு 1990 முதல் விதிமுறை உண்டு. ஆனால் பழைய கட்டடங்களுக்குப் பெரிய புதுப்பிப்பு நடக்கும்போதுதான் அது கைகொடுக்கும். லிட்டில் இந்தியாவின் ஐந்தடி நடைபாதையைப் பாருங்கள். கடைக்குக் கடை தரைமட்டம் மாறும், நடுவே ஒரு படி வரும், அதைத் தாண்டினால் காய்கறிக் கூடை. நாற்காலி சாலையில் இறங்கத்தான் வேண்டும்.

உடற்குறையுள்ளோர் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை சிங்கப்பூர் 2013ல் ஏற்றது. ஆனாலும் ஒரு படிக்கட்டை எதிர்த்து வழக்குப் போட வழிசெய்யும் பொதுச் சட்டம் இங்கே இல்லை. 2025ல் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டமும் வேலை தொடர்பானதே. அப்படியொரு பொதுச் சட்டம் இல்லாதது ஒரு குறைதான் என்பேன். ஆகவே நம் கையில் இருப்பது புகாரும் திட்டங்களும்.

மார்சிலிங் வட்டாரத்தில் புளோக் மின்தூக்கி, சாய்தளம் பற்றிய புகார் என்றால் மார்சிலிங் - இயூ டீ நகர மன்றம். தாழ்வாரத்தில் அண்டைவீட்டார் அலமாரியை வைத்து மறித்தாலும் அங்கேயே சொல்லலாம், 1.2 மீட்டர் வழி விடவேண்டும் என்பது தீயணைப்பு விதி. சாலை, மேம்பாலம், பேருந்து நிறுத்தம் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பொறுப்பு. யாரிடம் போவதென்று தெரியாவிட்டால் ஒன்சர்விஸ் செயலி. புளோக் எண், நேரம், படம் மூன்றும் இருக்கட்டும். எங்கே போகமுடியாமல் நின்றீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

கேட்காமலேயே கிடைக்கும் ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. 'கிரீன் மேன் பிளஸ்' வசதியுள்ள சாலைச் சந்திப்பில், கம்பத்திலுள்ள கருவியில் மூத்தோர் அல்லது உடற்குறையுள்ளோர் சலுகை அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு சில விநாடிகள் கூடுதலாக எரியும்.

வீட்டுக்குள் கைப்பிடி, வழுக்காத குளியலறைத் தரை, சாய்தளம் வேண்டுமா? வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) 'ஈஸ்' திட்டம் இருக்கிறது. வீட்டு உரிமையாளர் சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்து, வீட்டில் 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுள்ளவர் இருந்தால் செலவில் 95% வரை மானியம். அன்றாட வேலைக்கு உதவி தேவைப்படுபவருக்கு 60 வயதே போதும். இளையவர்களுக்கு இந்தக் கதவு திறப்பதில்லை. நாற்காலி போன்ற உதவிச் சாதனங்களுக்கு அவர்கள் உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம்.

புகார் எண்ணைத் தொலைத்துவிடாதீர்கள். பதில் வராவிட்டால் அதை எடுத்துக்கொண்டு தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போகலாம்.