மணமாகாத தந்தையின் உரிமை: கியூபெக் சட்டம் கூறுவது என்ன?

கனடாவின் மொன்றியல் நகரின் ஒரு பகுதியான இல்-பிசார் தீவில், மணமாகாத தந்தைக்குத் தனது குழந்தை மீது என்ன உரிமை உண்டு? கியூபெக் மாகாணச் சிவில் சட்டத்தின்படி, அவ்வுரிமை திருமணத்தால் வருவதல்ல. தந்தை யார் என்பது சட்டப்படி நிறுவப்படுவதால் வருவது. நிறுவப்பட்டுவிட்டால், தாயும் தந்தையும் பெற்றோருக்கான அதிகாரத்தைக் கூட்டாகவே செலுத்துவர். அவர்கள் பிரிந்தாலும் அது நீடிக்கும்.

2022 ஆம் ஆண்டுக்கு முன்னர், மணமாகாத தந்தை பிறப்பு அறிவிப்பில் தாமே கையொப்பமிட வேண்டியிருந்தது. அவ்வாண்டின் சட்டத்திருத்தம், கணவனையே தந்தையாகக் கருதும் விதியைச் சேர்ந்து வாழும் இணையருக்கும் விரிவாக்கியது. ஆயினும், தாயுடன் சேர்ந்து வாழாத தந்தைக்கு இது பொருந்தாது. அவர் தாமே அறிவிக்க வேண்டும். தவறினால் நீதிமன்றத்தை நாட நேரிடலாம்.

இந்தியாவில் நிலைமை வேறு. அங்கு 1956 ஆம் ஆண்டின் இந்துக் காப்பாளர் சட்டத்தின்படி, திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்குத் தாயே முதல் காப்பாளர். தந்தை அவருக்குப் பின்னரே.