கொஞ்ச நாள் ஓய்வு... அப்புறம் தங்கப் பதக்கம்!

'ஓய்வு' என்ற வார்த்தையை நம் வீடுகளில் இரண்டு பேருக்குத்தான் ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஒருவர், ரிட்டயர் ஆன தாத்தா. இன்னொருவர், காய்ச்சலில் படுத்திருப்பவர். நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் ஒரு இளம்பெண், "எனக்குக் கொஞ்ச நாள் ஓய்வு வேணும்" என்று வாய் திறந்து சொல்லிவிட்டால் போதும். "இந்த வயசுல உனக்கென்ன ஓய்வு வேண்டிக்கிடக்கு? நாங்கள்லாம் அந்தக் காலத்துல..." என்று வீடே ஆரம்பித்துவிடும்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையுள்ள பகுதியில் வைத்தியம் பார்க்கிறவன் நான். இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், மாத்தூர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தொழிற்சாலைகள். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் அங்கே ஷிப்டு பார்க்கும் பெண்கள். மீதிப் பேர் அவர்களுடைய அம்மா அப்பாக்கள். ஓய்வு கேட்பது சோம்பேறித்தனம் என்று நினைக்கும் பெற்றோரிடம் நான் வழக்கமாகச் சொல்லும் பெயர் ஒன்று உண்டு. தீபிகா பல்லிக்கல்.

நம் சென்னைப் பெண். 1991-ல் பிறந்தவர். ஸ்குவாஷ் என்பது நான்கு சுவர்களுக்குள் ரப்பர் பந்தை அடித்து ஆடும் ஆட்டம். பார்க்க எளிதாக இருக்கும். ஆனால் ஓட்டம், குனிதல், சட்டென்று திரும்புதல் என்று இடுப்பையும் முழங்காலையும் பிழிந்து எடுத்துவிடும். அந்த ஆட்டத்தில் 2012-ல் உலகத் தரவரிசையின் முதல் பத்து இடத்துக்குள் நுழைந்தார். அதைச் செய்த முதல் இந்தியப் பெண் அவர்தான். 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஜோஷ்னா சின்னப்பாவுடன் ஜோடி சேர்ந்து தங்கம் வாங்கினார்.

அவர் முதலில் ஒதுங்கியது உடம்புக்காக அல்ல, மானத்துக்காக! தேசியப் போட்டியில் ஆண்களுக்கு ஒரு பரிசுத் தொகை, பெண்களுக்கு அதைவிடக் குறைந்த தொகை என்று வைத்திருந்தார்கள். "அப்படியானால் நான் வரவில்லை" என்று சில வருஷம் தொடர்ந்து அந்தப் போட்டிக்கே போகவில்லை. 2016-ல் தொகையைச் சமமாக்கிய பிறகுதான் திரும்பி வந்தார். வந்த வருஷமே பட்டமும் வாங்கினார்.

இரண்டாவது ஒதுக்கம்தான் நமக்கு முக்கியம். 2018-ல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் இரண்டு பதக்கங்கள் வென்ற கையோடு, அந்த வருஷக் கடைசியில் மட்டையைக் கீழே வைத்தார். ஒரு மாதம், இரண்டு மாதம் இல்லை. மூன்று வருஷத்துக்கு மேல். 2021 அக்டோபரில் அவருக்கும் கிரிக்கெட் வீரர் தினேஷ் கார்த்திக்குக்கும் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. 'இனிமேல் எங்கே விளையாடப் போகிறார்' என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். 2022 ஏப்ரலில், அதாவது குழந்தைகளுக்கு ஆறு மாதம் ஆகும்போது, கிளாஸ்கோவில் நடந்த உலக இரட்டையர் போட்டிக்குப் போனார். ஜோஷ்னாவுடன் பெண்கள் இரட்டையர் பட்டம், சௌரவ் கோஷலுடன் கலப்பு இரட்டையர் பட்டம். இரண்டும் ஒரே நாளில்! அதே வருஷம் காமன்வெல்த்தில் வெண்கலம். 2023-ல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் ஹரீந்தர் பால் சந்துவுடன் தங்கம்.

இதைச் சொன்னதும் சில மாமியார்கள், "பாத்தியா, ரெட்டைப் பிள்ளை பெத்தவளே ஆறு மாசத்துல எழுந்து ஓடறா, உனக்கென்ன?" என்று மருமகள் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் நில்லுங்கள் அம்மா! நான் சொல்ல வந்தது அது இல்லை.

அவர் எப்படித் திரும்பினார் என்று பாருங்கள். தனியாக ஆடும் ஒற்றையர் ஆட்டத்துக்கு வரவில்லை. அதில் முழுக் களத்தையும் ஒரே ஆள் ஓடி எடுக்க வேண்டும். இரட்டையர் ஆட்டத்துக்கு வந்தார். பாதிப் பாரத்தைக் கூட்டாளி சுமப்பார். அனுபவமும் கைத்திறனும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். உடம்பு மாறியிருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கேற்ற வேலையைத் தேர்ந்தெடுத்தார். தவிர, பல வருஷம் பயிற்சியால் இறுகிய உடம்பு, கூடவே இருந்து பார்க்கும் பயிற்சியாளர்கள், குழந்தைகளைக் கவனிக்க ஆட்கள். உங்கள் மருமகளுக்கு அதில் எத்தனை இருக்கிறது? சாதாரணப் பிரசவமானாலும் ஓட்டம், குதிப்பு இவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். அதற்கு முன் மெல்லிய நடையும், இடுப்புத் தளத் தசைகளைச் சுருக்கி விரிக்கும் பயிற்சியும் போதும். சிசேரியன் என்றால் அறுவை செய்த டாக்டரைக் கேட்டுத்தான் எதையும் தொடங்க வேண்டும்.

பிரசவம் என்று ஒரு காரணம் இருந்தால்தான் ஓய்வா? அதுவும் இல்லை. பனிச்சறுக்கு நடனத்தில் அமெரிக்காவின் அலிசா லியூ என்ற பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். (நமக்குப் பனி ஏது, சறுக்கு ஏது? சக்கரம் கட்டிய ஸ்கேட்டிங்கில்தான் சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 2025-ல் உலகச் சாம்பியன் ஆனார்.) அலிசா 13 வயதில், 2019-ல், அமெரிக்கச் சாம்பியன். அந்த நாட்டில் அவ்வளவு சின்ன வயதில் யாரும் அந்தப் பட்டத்தை வென்றதில்லை. 2022-ல் பீஜிங் ஒலிம்பிக்கில் ஆறாவது இடம், உலகப் போட்டியில் வெண்கலம். மார்ச்சில் பதக்கம், ஏப்ரலில் "போதும், நான் நிறுத்துகிறேன்" என்று அறிவிப்பு. வயது 16!

எலும்பு முறியவில்லை, காய்ச்சல் இல்லை. சின்னக் குழந்தையிலிருந்து ஓடிய ஓட்டம் போதும் என்று தோன்றியிருக்கிறது. இமயமலை எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்துபோய் வந்தார். கல்லூரியில் சேர்ந்தார். இரண்டு வருஷம் ஸ்கேட்டிங் காலணியைத் தொடாதவர், 2024 தொடக்கத்தில் சும்மா பனிமலைக்குச் சறுக்கி விளையாடப் போனபோது பழைய ஆசை துளிர்த்திருக்கிறது. திரும்பினார். 2025 மார்ச்சில் பாஸ்டன் நகரில் உலகச் சாம்பியன் ஆனார். தென்கொரியாவின் யூனா கிம் கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். 2010-ல் ஒலிம்பிக் தங்கம், நடுவில் ஒதுக்கம், 2013-ல் மறுபடியும் உலகப் பட்டம்.

ஓய்வெடுத்தால் பயிற்சி வீணாகிவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பயிற்சியை நிறுத்திய இரண்டு மூன்று வாரங்களிலேயே மூச்சுத் திறன் குறைய ஆரம்பிக்கும். தசைப் பலம் அதைவிட மெதுவாகக் குறையும். ஆனால் ஒருமுறை உழைத்துப் பழகிய தசை, புதிதாக ஆரம்பிப்பவரின் தசையைவிடச் சீக்கிரம் பழைய நிலைக்கு வந்துவிடும். போனது திரும்பும். ஓய்வே கொடுக்காமல் நொறுக்கிய உடம்பில்தான் திரும்பாத சேதங்கள் உண்டு. வேண்டிய அளவு சாப்பிடாமல் கடுமையாக உழைக்கும் பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போய், பிறகு நின்றே போய், எலும்பு மெலிந்து, சின்ன அடிக்கே விரிசல் விடுகிறது. விளையாட்டு மருத்துவர்கள் இதை ரொம்ப வருஷமாகவே சொல்லி வருகிறார்கள்.

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது எங்களுக்கு 'பதினான்கு வேகங்கள்' என்று ஒரு பாடம் உண்டு. தும்மல், கொட்டாவி, பசி, தாகம், சிறுநீர், மலம், கண்ணீர், தூக்கம் என்று உடம்பில் இயல்பாக எழும் பதினான்கையும் அடக்கக் கூடாது, அடக்கினால் நோய். இந்தப் பட்டியலில் 'இளைப்பு' என்று ஒன்று வருகிறது. இளைப்பு என்றால் களைப்பு. சிறுநீரை அடக்கக் கூடாது என்று நமக்குத் தெரியும். களைப்பும் அதே வரிசையில்தான் இருக்கிறது! கொட்டாவியைப் போல, தாகத்தைப் போல, அதுவும் உடம்பு கேட்கும் ஒரு கேள்வி. பதில் சொல்லாமல் டீயும் காப்பியும் ஊற்றி அமுக்கினால் வேறு வழியில் வந்து கேட்கும்.

எங்கள் பகுதிப் பெண்களைப் பார்த்தால், இந்தப் பதினான்கில் நான்கைந்தைத் தினமும் அடக்குகிறார்கள். காலை ஆறு மணி ஷிப்டு என்றால் கம்பெனி பஸ் நாலே முக்காலுக்கோ ஐந்துக்கோ வந்து நிற்கும். பசியை அடக்கிக்கொண்டு ஏறுகிறார்கள். லைனில் நின்றால் நினைத்த நேரத்தில் நகர முடியாது என்று சிறுநீரை அடக்குகிறார்கள். அதற்குப் பயந்து தண்ணீரே குடிப்பதில்லை. ஆக, தாகமும் போச்சு. வாரம் மாறினால் இரவு ஷிப்டு, தூக்கமும் போச்சு. வல்லம் வடகாலில் 2024-ல் 18,720 பேர் தங்கக்கூடிய பெரிய விடுதி ஒன்று திறந்திருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் நல்ல அறை கிடைத்தாலும், பகலில் தூங்குகிற உடம்பு இரவுத் தூக்கத்தின் பலனை முழுசாகப் பெறுவதில்லை.

திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி. பள்ளிக்கூடத்தில் கபடி டீமில் இருந்தவள். வேலைக்கு வந்து ஒன்றரை வருஷம். கால் வீக்கம், நீர்க்கடுப்பு, நாலு மாதமாக மாதவிலக்கு இல்லை. கூட வந்த அம்மா, "சூடு ஐயா, ஏதாவது சூரணம் குடுங்க, திங்கக்கிழமை டியூட்டிக்குப் போவணும்" என்றார். ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தேன். ஹீமோகுளோபின் 8! பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே சோகை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பே சொல்கிறது.

மருந்து கொடுத்தேன். அதோடு மூன்று வாரம் லீவு என்றும் எழுதினேன். அந்த அம்மா முகம் வாடிவிட்டது. லீவு போட்டால் வருகைக்கான ஊக்கத்தொகை போய்விடும். வீட்டில் மகளிர் குழுக் கடன் தவணை இருக்கிறது. இந்தக் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. விளையாட்டுச் சாம்பியன்களிடம் சேமிப்பு இருக்கும், காத்திருக்கும் ஆட்களும் இருப்பார்கள். கான்டிராக்ட் தொழிலாளிக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் சம்பளம். ஆனால் ஈ.எஸ்.ஐ. அட்டை என்று ஒன்று இருக்கிறதே! சந்தா ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால், டாக்டர் சான்றிதழோடு எடுக்கும் நோய் விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வரை கிடைக்கும். அதற்கான சான்றிதழை ஈ.எஸ்.ஐ. மருத்துவரிடம் வாங்க வேண்டும். என் கடிதம் மட்டும் செல்லாது. பிரசவத்துக்கு முதல் இரண்டு குழந்தைகள் வரை 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 26 வாரம் என்பது ஆறு மாதம். பிரசவத்துக்குப் பிறகு தீபிகா போட்டிக்குத் திரும்பியதும் கிட்டத்தட்ட ஆறு மாதத்தில்தான்! பல பெண்கள் அட்டையைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார்களே தவிர, எடுத்துப் பார்ப்பதில்லை.

ஓய்வு என்று ஊருக்குப் போய் அங்கே நடவு நட்டு, சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தி பரிமாறி, ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்பி வருவதும் ஓய்வு இல்லை. முதல் ஒரு வாரம் இரவில் எட்டு மணி நேரத் தூக்கம், மூன்று வேளைச் சாப்பாடு. இது இரண்டும் நடந்தாலே பாதி வைத்தியம் முடிந்தது. முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, கேழ்வரகு, கடலை இவை தினமும் ஏதாவது ஒரு விதத்தில் சேரட்டும். கூடவே ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ இருந்தால் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் ஒட்டாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கால் வீக்கத்துக்கு, வேலை விட்டு வந்ததும் இருபது நிமிஷம் சுவரில் காலை உயர்த்தி வைத்துப் படுங்கள். அப்படியும் காலையில் எழும்போது வீக்கம் இருந்தால் சிறுநீரகப் பரிசோதனை அவசியம். செந்தூரம், பற்பம் என்று கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடவே வேண்டாம்; நாடி பார்த்து, ரத்தம் பார்த்து, அளவு பார்த்துத் தரவேண்டியவை அவை. மாதவிலக்கு மூன்று மாதம் வராவிட்டால், கல்யாணம் ஆனவரோ ஆகாதவரோ, மூடி மறைக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

அந்தப் பெண் மூன்று வாரம் கழித்து வேலைக்குத் திரும்பும்போது, முதல் இரண்டு வாரம் இரவு ஷிப்டு வேண்டாம், உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தால் நல்லது என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் முதலில் முணுமுணுத்தாராம். பிறகு பேக்கிங் பக்கம் மாற்றிவிட்டார். இரண்டாவது மாதம் மாதவிலக்கு வந்தது. ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்டியிருக்கிறது. இன்னும் ஏற வேண்டும், மருந்து தொடர்கிறது.

எண்ணெய்க் குளியல் பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். வாரம் இருமுறை முழுகச் சொல்வது நம் வழக்கம். ஆனால் எண்ணெய் முழுகிய அன்று பகலில் தூங்கக் கூடாது என்பதும் நம் வழக்கம்தான். இரவு ஷிப்டு முடித்து வந்து முழுகினால் பகலில் தூங்கித்தான் ஆகவேண்டும். ஆகவே அந்த வாரம் முழுகாதீர்கள். வார விடுமுறைக்கு முந்தின இரவு நன்றாகத் தூங்கி எழுந்து, காலையில் நல்லெண்ணெய் தேய்த்து, இளம் வெந்நீரில் குளியுங்கள். அன்று மிளகு ரசமும் துவையலுமாக எளிதாகச் சாப்பிட்டுவிட்டு, சும்மா இருங்கள்.