சைலென்சரை மாற்றியபின் எரிபொருட் சீராக்கி

பஞ்சிகாவத்தைக் கடைகளில் மோட்டார் சைக்கிளுக்குப் புதிய சைலென்சர் ஒன்றை வாங்குவது எளிது. அதன்பின் எழும் கேள்வியே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள நம் இளைய அன்பர்களை மயங்கச் செய்கிறது. பெற்றோலின் அளவைத் திருத்தும் கருவியும் வேண்டுமா? வேண்டுமெனில் எது? இயந்திரத்தின் ஆயுள் இவ்விடையிற் தங்கியிருத்தலால் இதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இலேதான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. ஒரு வண்டியின் அருமையை இடைப்பட்ட ஆண்டுகளில் நம்மவர் நன்கு கற்றுக்கொண்டனர்.

காபுரேற்றர் இருந்த காலத்தில் இத்தொல்லை இல்லை. சைலென்சரை மாற்றியவர் ‘மெயின் ஜெற்’ என்னும் சிறு பித்தளைத் துண்டையும் மாற்றுவார், காரியம் முடிந்துவிடும். 1955 முதல் சென்னையில் உருவாகிவந்த றோயல் என்பீல்ட் புல்லட்டும், 2020 ஏப்ரலில் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த புகை நியமத்தையொட்டிக் காபுரேற்றரைக் கைவிட்டது. இன்ஜெக்ரர் ஒரு செக்கனின் எத்தனை ஆயிரத்திலொரு பங்கு திறந்திருக்க வேண்டும் என்பதை இன்று ஒரு சிறு கணினியே முடிவுசெய்கிறது.

பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் அக்கணினி உட்புகும் காற்றை நேரே அளப்பதில்லை. கைபிடி எவ்வளவு திறந்துள்ளது, இயந்திரம் எவ்வேகத்திற் சுழல்கிறது என்பன போன்றவற்றைப் பார்த்து, தொழிற்சாலையில் எழுதிவைத்த அட்டவணையிலிருந்து பெற்றோலின் அளவை எடுக்கிறது. அந்த அட்டவணை பழைய சைலென்சருக்கென எழுதப்பட்டது. புதியது வாயுவை இலகுவாக வெளிவிடுமாயின் சிலிண்டருக்குள் காற்றுக் கூடும், பெற்றோல் கூடாது. நிறைப்படி ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். மிகுந்த வலுப் பெறுவதற்கோ ஏறத்தாழ 13 பங்கே தகும். முழுத் திறப்பிற் பெற்றோல் குறைந்து எரிந்தால் இயந்திரம் மிகச் சூடேறும், தட்டல் உண்டாகலாம், நாளடைவில் வால்வும் பிஸ்ரனும் கெடலாம்.

எனினும் பின்முனைச் சைலென்சரை மட்டும் மாற்றி, காற்று வடிகட்டியையும் வினையூக்கியையும் தொடாதிருப்பின் மாறுதல் பெரும்பாலும் சிறிதே. அத்தகையோர் கருவி வாங்காமற் பணத்தை மிச்சம்பிடிப்பதே நன்று என்பது எம் கருத்து. சத்தம் கூடியதை வலுக் கூடியதாக எண்ணி மயங்குவோர் பலர். (அயலாரின் உறக்கமும் பொலிசாரின் கண்ணும் வேறு விடயம்.)

முழுக் குழாயையும் வடிகட்டியையும் மாற்றியவர்க்கே கருவி அவசியமாகிறது. அவர் முதலில் அறியவேண்டியது குழாயிற் செருகப்பட்டுள்ள ஒட்சிசன் உணரியைப் பற்றி. காலி வீதியில் ஒரே சீராக மெல்ல ஓடும்போது, கணினி இவ்வுணரியின் சொற்கேட்டு 14.7 என்ற அளவை நாடித் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். கைபிடியை முறுக்கித் திறந்தால் அதனைச் செவிமடுக்காது அட்டவணைப்படியே நடக்கும். ஆகவே இன்ஜெக்ரர் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் நீட்டும் கருவியைப் பூட்டினால், மெல்லோட்டத்திற் கருவி கூட்டியதைக் கணினி கழித்துவிடும். உணரியையும் இக்கருவி கவனிக்குமா என்பதே கடைக்காரரிடம் கேட்கவேண்டிய முதற் கேள்வி. உணரியின் வயரைக் கழற்றிவிட்டாற் சரி என்பாரும் உளர். அவர் சொல்லை ஏற்கற்க.

மலிவான கருவிகளிற் சில, உட்புகும் காற்றின் வெப்பத்தைக் குறைத்துக் காட்டிக் கணினியை ஏமாற்றுவன. குளிர்ந்த காற்று அடர்ந்ததென நம்பிக் கணினி பெற்றோலைச் சிறிது கூட்டும். ஆனால் வேகத்துக்கு வேகம் வேறுபடுத்தித் திருத்த இவற்றால் இயலாது. அமெரிக்க டைனோஜெற் நிறுவனத்தின் பவர் கொமாண்டர், பெங்களூர் றேஸ் டைனமிக்ஸின் பவர்ற்ரொனிக், பியூவல்எக்ஸ் முதலியன கணினிக்கும் இன்ஜெக்ரருக்கும் இடையில் அமர்ந்து வேலைசெய்வன. கணினியின் அட்டவணையையே மாற்றி எழுதுவது இன்னொரு வழி. பழகிய கை வாய்த்தால் அதுவே செம்மையானது, வாய்க்காவிடில் ஆபத்தானது. எவ்வழியாயினும் வலு அளக்கும் மேடையில் ஏற்றி, அகன்ற வீச்சுடைய உணரியால் அளந்து பார்த்தே முடிவுசெய்தல் வேண்டும். வண்டியோடு வரும் சாதாரண உணரி 14.7க்கு இப்பாலா அப்பாலா என்பதைச் சொல்லுமேயன்றி, எவ்வளவு என்பதைச் சொல்லாது.

பவர்ற்ரொனிக் போன்றவை பிளக்கிற் பொறி தோன்றும் நேரத்தையும் மாற்றவல்லவை. அத்தகைய கருவியை வாங்குவோர், அதிலுள்ள அட்டவணை எந்தப் பெற்றோலுக்கென எழுதப்பட்டது என்று கேட்டறிதல் வேண்டும். 95 ஒக்டேனுக்கு எழுதியதை வைத்துக்கொண்டு 92 ஒக்டேனை நிரப்பி ஓடினால், தட்டற் சத்தம் நுவரெலியா ஏற்றத்திற்கு முன்னரே கேட்கத் தொடங்கிவிடும்.