பன்னிரண்டாம் வயதுப் பல்

தமிழில் கடைவாய்ப்பல் என்பது ஒரு தனிப் பல்லின் பெயரன்று. தாடையின் ஒவ்வொரு பக்கத்திலும் பின்னால் நிற்கும் மூன்று பற்களுக்கும் அதுவே பெயர். முதலாவது 6 வயதளவில் முளைக்கிறது. இரண்டாவது 12 வயதை ஒட்டி. மூன்றாவது 17-க்கு மேல். மூன்றாவதற்கு மட்டும் ஞானப்பல் என்ற தனிப்பெயர் உண்டு. எயிறு என்றும் முறுவல் என்றும் பல்லுக்குப் பெயர்கள் கொண்ட மொழியில், முன்னிரண்டிற்கும் மக்கள் வழக்கில் வேறுபெயர் இல்லாதது ஒரு குறையே. அக்குறை அகராதியோடு நின்றுவிடவில்லை.

தஞ்சோங் ரம்புத்தானில் எம் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனுக்குக் கீழ்த்தாடையின் வலப்புறம் இரண்டாம் கடைவாய்ப்பல் முளைத்து எட்டு மாதமாகியும் இடப்புறத்தில் அதைக் காணோம். தகப்பனாரை அழைத்துச் சொன்னேன். "அது ஞானப்பல்தானே சார், காலம் வந்தால் தானாக வரும்" என்றார். அவர்மேல் குற்றமில்லை, பெயர் செய்த மயக்கம் அது.

அப்பல் ஏன் வரவில்லை? கீழ்த்தாடையின் இரண்டாம் கடைவாய்ப்பல் எலும்பினுள் உருவாகும்போதே முன்பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. தாடை வளர வளர, அதன் பின்புறம் மேல்நோக்கி எழும் எலும்பின் முன்விளிம்பு கரைந்து, பின்விளிம்பில் புது எலும்பு படிகிறது. இவ்வுண்மையை ஆங்கிலேய நாட்டில் வாழ்ந்த ஜான் ஹண்டர் 1771-இல் வெளியிட்ட பல்லைப் பற்றிய நூலிலேயே ஆராய்ந்தார். இவ்வாறு பின்னால் இடம் உண்டாக, சாய்ந்த பல் மெல்ல நிமிர்ந்து, முதற் கடைவாய்ப்பல்லின் வேரைத் துணையாகப் பற்றி மேலேறும். இடம் போதாவிடினும், சாய்வு மிகுந்துவிட்டாலும், முன்னிற்கும் பல்லின் புடைப்புக்குக் கீழே அதன் தலை மாட்டிக்கொள்ளும். பிறகு தானாக வெளிவருவது அரிது. அப்படியே விட்டால், இடுக்கில் உணவு தங்கி, நல்ல நிலையில் இருந்த முதற் பல்லும் சொத்தையாகும். சில வேளை அதன் வேரும் அரிக்கப்படும்.

இந்நிலை மிகுதியாகக் காணப்படுவதன்று. ஞானப்பல் சிக்குவதே பெருவழக்கு. ஆனால் ஞானப்பல்லைப் பிடுங்கிவிட்டு வாழலாம். இரண்டாம் பல்லை அங்ஙனம் எளிதில் இழக்க இயலாது.

பல் எலும்பில் ஆணி அடித்ததுபோல் இறுகி நிற்பதில்லை. மெல்லிய அழுத்தம் தொடர்ந்து கிடைத்தால், அழுந்தும் பக்கத்து எலும்பு கரையும்; மறுபக்கத்தில் எலும்பு வளரும்; பல் மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நகரும். பல்சீரமைப்புக் கலை முழுவதும் இதன்மேல் நிற்கிறது. சாய்வு சிறிதானால், இரு பற்களுக்கும் இடையே பித்தளைக் கம்பி ஒன்றை வளையமாகச் செலுத்தி, இடையிடையே முறுக்கி இறுக்குவர். சிக்கிய பல் பின்னே தள்ளப்பட்டு விடுபடும். சாய்வு பெரிதானால், ஈற்றைச் சிறிது அறுத்து, வெளித்தெரியும் பல்லில் சிறு பொத்தானை ஒட்டி, வில்கம்பியால் நிமிர்த்துவர். சிலர்க்குப் பின்னே இடம் அடைக்கும் ஞானப்பல் முளையை முதலில் எடுக்க நேரும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. வகுப்பில் நியூட்டனின் மூன்றாம் விதியைக் கற்பிப்போர்க்கு அது உடனே விளங்கும். பின்பல்லைத் தள்ளினால், தள்ளும் முன்பல்லும் எதிர்த்திசையில் நகரப் பார்க்கும். பல பற்களைக் கம்பியால் ஒன்றாகப் பிணைத்து இதைத் தடுத்தனர். 1997-இல் ஜப்பானியரான கனோமி, தாடையெலும்பிலேயே பொருத்தும் மிகச் சிறு திருகாணியைப் பற்றி எழுதினார். விசை எலும்பைச் சாரும், பற்கள் தப்பும்.

வேர் மூன்றில் இரண்டு பங்கு வளர்ந்திருக்கும் பருவமே இதற்கு ஏற்றது. 11 முதல் 14 வயது எனலாம். நம் பிள்ளைகள் தமிழ்ப் பள்ளியை விட்டு இடைநிலைப் பள்ளிக்குப் போவதும் அப்போதுதான். நியூசிலாந்து 1921-இல் தொடங்கிய முறையைப் பின்பற்றி, 1949-இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. அதனால் பள்ளிக்கே வந்து பல் பார்க்கும் வழக்கம் நமக்குக் கிடைத்தது. எனினும் அவர்கள் வரும் நாளில் முளைக்காத பல், அடுத்த நாளும் முளைக்காததை அன்றாடம் காண்பவர் ஆசிரியரே.

எண்ணுவது எளிது. 12 வயதில், கீழ்வரிசையின் நடுவிலிருந்து ஒரு பக்கம் எண்ணினால், வெட்டும் பல் இரண்டு, கோரைப்பல் ஒன்று, முன்கடைவாய்ப்பல் இரண்டு, கடைவாய்ப்பல் இரண்டு, ஆக ஏழு. ஒருபுறம் ஏழும் மறுபுறம் ஆறுமாக ஆறு மாதம் கடந்தால், பல் மருத்துவரிடம் அனுப்பி எக்ஸ்கதிர்ப் படம் எடுக்கச் சொல்ல வேண்டும்.

எம் மாணவனுக்குப் பித்தளைக் கம்பியே போதுமானதாயிற்று. தீபாவளிக்கு முன்வாரம் கம்பி ஏறியதால் முறுக்கு கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவனுக்கு அதுதான் பெரிய வருத்தம்.